அஞ்சா, பத்தா?

திண்டிவனத்துக்கு வந்து "ஏசி மெக்கானிக் கோகுலகிருஷ்ணன்" என்று கேட்டால் நாலு பேர் நெற்றியைச் சொறிவார்கள். "பிளேஸ்டேஷன் கோகுல்" என்று கேட்டுப் பாருங்கள். மேம்பாலத்துக்கு அடியில் பூ விற்கிற அம்மா முதற்கொண்டு சிரித்துக்கொண்டே கையைக் காட்டுவார்கள்.

இருபத்தெட்டு வயது. ஒல்லி உடம்பு. தொழிலில் சுத்தம். செருப்பை வாசலில் விட்டுத்தான் உள்ளே நுழைவான், வேலை முடிந்ததும் தரையைத் துடைத்துக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்புவான். அவனிடம் இருந்த கோளாறு ஒன்றே ஒன்று. ஏணியைச் சாத்துவதற்கு முன்னால் அந்த வீட்டு டிவிக்குக் கீழே பார்வை போய்விடும். கேம் ஆடுகிற பெட்டி இருந்து, அது பிளேஸ்டேஷனாகவும் இருந்துவிட்டால், அன்றைக்கு அந்த வீட்டு ஏசிக்கு யோகம்தான். பில்டரைக் கழுவித் துடைத்து, கேட்காத வேலையையும் சேர்த்துச் செய்துவிட்டு, போகும்போது "நீங்க நம்ம ஆளுங்க" என்று சொல்லிவிட்டுப் போவான். இருந்தது எக்ஸ்பாக்ஸ் என்றால் வேலை மட்டும்தான். வாயே திறக்க மாட்டான்.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. இரண்டும் டிவியில் மாட்டி ஆடுகிற பெட்டிதான். ஒரு கம்பெனிக்கு நீலம், இன்னொன்றுக்குப் பச்சை. இரண்டிலும் பந்து உதைக்கலாம், கார் ஓட்டலாம், கண்டவனைச் சுடலாம். வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு இட்லிக்கும் இட்லிக்கும் உள்ள வித்தியாசம்தான். ஆனால் இதை திண்டிவனத்தில் உரக்கச் சொல்லிவிட்டு முழு உடம்போடு திரும்ப முடியாது. அங்கே இதற்கு மன்றம் இருந்தது.

சிரிக்காதீர்கள். நடிகருக்கு மன்றம் உண்டு, தனியார் பேருந்துக்கு உண்டு, கோயில் யானைக்குக்கூட உண்டு. பெட்டிக்கு இருந்தால் என்ன குடி முழுகிப் போயிற்று? "திண்டிவனம் பிளேஸ்டேஷன் நற்பணி மன்றம்" என்று பெயர். தலைவர் ஆரோக்கியராஜ். பிளக்ஸ் கடைக்காரர், அதனால் பேனருக்குப் பஞ்சமே இல்லை. செயலாளர் நம் கோகுல். நற்பணி என்று பார்த்தால் ஒரு கோடையில் மயிலம் ரோட்டில் மோர்ப் பந்தல் போட்டார்கள். மோரைவிட பேனர் அதிகம். மோர் வாங்கிக் குடித்த பெரியவர் ஒருவர் வாயைத் துடைத்துக்கொண்டு, "இது எந்தக் கட்சி தம்பி?" என்றார்.

"பிளேஸ்டேஷன்ங்க."

"புதுசா? போன எலெக்ஷன்ல யாரு கூட கூட்டணி?"

"நாங்க எப்பவும் தனிச்சுதாங்க," என்றான் கோகுல், நெஞ்சை நிமிர்த்தி.

இந்தக் கொள்கை எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அவன் பெரிய விளக்கமெல்லாம் வைத்திருந்தான். நிஜம் சின்னது. அவன் பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக இருந்தபோது குவைத்திலிருந்து வந்த தாய்மாமன் ஒரு பழைய பிளேஸ்டேஷனைக் கம்பளிப் போர்வைக்குள் சுற்றிக்கொண்டு வந்து கொடுத்தார். போர்வைக்குள் வேறு பெட்டி இருந்திருந்தால் வேறு கொள்கை வந்திருக்கும். இதை அவனிடம் சொன்னால் அடிக்க வருவான்.

மன்றத்தில் ஒரே ஒரு சட்டம். பச்சைப் பெட்டியைக் கையால் தொட்டவன் மன்றத்தில் இல்லை. எழுதியவன் கோகுல்தான். எழுதியதோடு நிற்காமல் நடத்தியும் காட்டினான். சென்னையில் அக்கா வீட்டுக்குப் போன கோபி என்ற உறுப்பினர், அக்கா புருஷன் கூப்பிட்டாரே என்று எக்ஸ்பாக்ஸில் ஒரே ஒரு ஆட்டம் ஆடியதை வாய்தவறிச் சொல்லிவிட்டான். "மச்சான் கூப்புட்டாருப்பா, எப்பிடி மாட்டேன்றது?" என்று கெஞ்சினான். "உறவு வேற, கொள்கை வேற" என்று சொல்லி அன்றைக்கே வாட்ஸ்அப் குழுவிலிருந்து அவனைத் தூக்கினான் கோகுல். தூக்கிவிட்டு அன்று நன்றாகத் தூங்கவும் செய்தான்.

வீட்டில் இந்தப் பெருமைக்கெல்லாம் மதிப்பில்லை. "கழுத வயசாவுது, இன்னும் பொம்ம வெச்சி ஆடிக்கினு கெடக்கறான்" என்பது அவன் அப்பாவின் தினசரி வழிபாடு. பெண் பார்க்கப் போனபோது, அந்தப் பேச்சை மட்டும் அங்கே எடுக்காதே என்று அம்மா தலையில் அடித்துச் சத்தியம் வாங்கினாள். பெண் வெண்ணிலாவுக்கு ஊர் கண்டமங்கலம்; புதுச்சேரியில் மருந்துக் கடை வேலைக்கு தினமும் பஸ்ஸில் போய்வருகிறவள். அவள் அவனிடம் கேட்டதே, "லீவு நாள்ல இன்னா பண்ணுவீங்க?" என்பதுதான். சத்தியம் காற்றில் போயிற்று. அவன் பேசினான், பேசினான், காபி ஆறிப்போகிறவரை பேசினான். அவளுக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. ஆனால் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அது போதும் என்று கல்யாணம் முடிந்தது.

மாமனார் பெரியதம்பிதான் புரியாத ஆள். கரும்பும், மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் போடுகிற விவசாயி. கல்யாணமான நாளிலிருந்து மருமகனிடம் அவர் பேசியது இரண்டே வாக்கியம். வந்தால் "வாங்க மாப்ள." வந்து கொஞ்ச நேரமானால் "சாப்டீங்களா?" அதற்கு மேல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கொல்லைப் பக்கம், அதாவது வயலுக்கு, போய்விடுவார். பொம்மை வைத்து ஆடுகிற மாப்பிள்ளை என்று மனசுக்குள் நினைக்கிறார் போல, என்று கோகுலுக்குக் குறுகுறுப்பு. அவர் எதிரில் உட்கார்ந்தால் கை கால்களை எங்கே வைப்பது என்றே அவனுக்குத் தெரியாது.

அப்படி இருக்கையில் தலை தீபாவளி வந்தது.

வருவதற்கு முன்பே வெண்ணிலா வாய்விட்டிருந்தாள். "அப்பா உங்களுக்கு ஒண்ணு வாங்கிக்கினு இருக்காரு. இன்னான்னு கேக்காதீங்க. பிஎஸ் ஃபைவ்னு மட்டும் நான் சொல்ல மாட்டேன்." கோகுலிடம் இருந்தது பிளேஸ்டேஷன் நாலு. அஞ்சு வாங்குவது அவன் கனவு. பிஎஸ் ஃபைவ் என்று மன்றத்தார் அதை மந்திரம்போலச் சொல்வார்கள். அவன் குதித்த குதியில் கட்டில் கிறீச்சிட்டது. உடனே மன்றக் குழுவில் ஒரு செய்தி தட்டினான்: "தீபாவளி அன்று செயலாளரிடமிருந்து மாபெரும் அறிவிப்பு." ஆரோக்கியராஜ் ஆறு வெடிப் படமும் ஒரு சிங்கப் படமும் போட்டு வாழ்த்தினார்.

கண்டமங்கலத்தில் எண்ணெய்க் குளியல் ஆயிற்று, புது வேட்டி ஆயிற்று. மாமியார் வெள்ளையம்மாள் நோன்புப் படையல் முடித்து எல்லார் கையிலும் நோன்புக் கயிறு கட்டிவிட்டாள். பங்காளிகள் கூடம் நிறைய உட்கார்ந்திருந்தார்கள். வெண்ணிலாவின் பெரியப்பா மகன் தென்னரசுவும் விழுப்புரத்திலிருந்து வந்து தூணில் சாய்ந்து நின்றிருந்தான். கோகுலுக்கு அவன் மச்சான் முறை. அது போதாதென்று, விழுப்புரம் எக்ஸ்பாக்ஸ்காரர்களுக்கு அவன்தான் தளபதி. யூடியூபில் "பச்சைத் தமிழன்" என்ற பெயரில் கோகுலை இரண்டு வருஷமாகக் கிழித்துத் தோரணம் கட்டியவன் இவன்தான் என்பது கல்யாணப் பந்தியில்தான் தெரியவந்தது. இலையைப் பாதியில் விட்டு எழ முடியாத இடம் பாருங்கள்.

சீர்த் தட்டு வந்தது. வேட்டி சட்டை, வெற்றிலை பாக்கு, வாழைப்பழம். நடுவில் சிவப்புத் துணி போர்த்திய பெரிய பெட்டி. அதற்கும் ஒரு நோன்புக் கயிறு கட்டியிருந்தார்கள். கோகுலுக்கு வாயெல்லாம் பல். பெரியதம்பி துணியை எடுத்தார்.

பெட்டியின் மேலே பெரிதாக எக்ஸ் என்ற எழுத்து. மூலையில் பச்சை.

கோகுல் சிரித்த வாயை மூட மறந்து நின்றான். அப்போதுதான் அந்த அதிசயம் நடந்தது. இரண்டு வாக்கிய மாமனார் பேச ஆரம்பித்தார்.

"எங்க வெண்ணிலா போன்ல சொல்லிச்சி, அவுருக்கு பிஎஸ் ஃபைவ்னா உசுருப்பான்னு. எனக்குத் திக்குனு ஆயிடுச்சி. நம்ம பழைய பைக்க விக்கப் போனப்ப புரோக்கரு இன்னா சொன்னான்? 'வண்டிப் பொகைக்கு கவர்மெண்டு போட்ட கணக்குல இது பிஎஸ் ஃபோரு, யாரும் வாங்க மாட்டான், இப்ப பிஎஸ் சிக்ஸ் வந்துடுச்சி, நடுவுல ஃபைவ்னு ஒண்ணு வரவே இல்ல'ன்னான். ஆமாவா இல்லியா?"

"ஆமாமா, சிக்ஸுதான் இப்ப ஓடுது," என்றார் ஒரு பங்காளி.

"வராத ஒண்ண எவனோ நம்ம மாப்ள தலையில கட்டப் பாக்கறான்னு நெனச்சேன். நம்ம தென்னரச இட்டுக்கினு கோட்டக்குப்பத்துல வெளிநாட்டு சாமான் கடைக்கே போயிட்டேன். பிஎஸ் சிக்ஸ் குடுப்பான்னு கேட்டா, கடைக்காரரு முழிக்கறாரு. சிக்ஸ் இல்லியாம், ஃபைவ்தான் இருக்குதாம். பக்கத்துலயே இது குந்திக்கினு இருக்குது. மேல எக்ஸு. இது எத்தினாவதுன்னு கேட்டா அந்த ஆளுக்குச் சொல்லத் தெரியல. நம்மகிட்டயா? நம்ம பள்ளிக்கூடத்துல பத்தாங்கிளாஸ் கதவு மேல இன்னா எழுதியிருக்குது? எக்ஸு! அப்ப இது பத்து! அஞ்சுக்கு ஆசப்பட்ட புள்ளைக்கி பத்தாவே வாங்கிக்கினு வந்துட்டேன்!"

கூடமே கைதட்டியது. அஞ்சு கேட்டவனுக்குப் பத்து கொடுத்த மாமனார் அந்தச் சுற்று வட்டாரத்தில் வேறு யார்? கோகுல் மெல்லத் தலையைத் திருப்பித் தூணைப் பார்த்தான்.

"நான் ஒண்ணுமே சொல்லல மச்சான்," என்றான் தென்னரசு, பச்சைப் பிள்ளை முகத்தோடு. "சித்தப்பாவே கணக்குப் போட்டுட்டாரு. பெரியவங்க பேசறப்ப குறுக்க பேசக் கூடாதில்ல?" சொல்லிக்கொண்டே கையிலிருந்த போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

சீரை வாங்காமல் இருக்க முடியாது. கோகுல் தட்டின் விளிம்பை மட்டும் விரல் நுனியால் பிடித்து, பெட்டி மேலே படாமல் வாங்கினான். சுடுசோற்றுப் பானை வாங்குகிற மாதிரி இருந்தது. சட்டப்படி இன்னும் தொடவில்லை. வெண்ணிலா அதைப் பார்த்துவிட்டாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள்.

அவன் பின்னாலேயே போய் அறைக் கதவைச் சாத்தினான். "சிரிக்காதடி! கடையில மாத்திக்கலாமான்னு அப்பாகிட்ட கேளு."

"நீங்களே கேளுங்க."

"எனக்கு எப்பிடி வாய் வரும்?"

"எனக்கு மட்டும் வருமா?" அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரிப்பில் வந்த நீர்தான், ஆனால் குரல் மாறியிருந்தது. "ஒரு வாரமா அவரு கொல்லைக்கே சரியா போவலங்க. தென்னரசண்ணனுக்கு தெனம் போனு. அத எப்பிடி மாட்டறது, தட்டுல வெச்சா ஒடஞ்சிடுமா, கரண்டு தாங்குமான்னு. எனக்கு அது இன்னான்னே தெரியாது, ஆனா மாப்ள சந்தோஷமா இருக்கறது அதுலதான்னு அம்மாகிட்ட சொல்லிக்கினு இருந்தாரு."

கோகுல் கட்டிலில் உட்கார்ந்துவிட்டான். பெற்ற அப்பா பொம்மை என்று திட்டிய ஒன்றுக்காக, இந்த மனுஷர் ஒரு வாரமாக அலைந்திருக்கிறார். அதை நினைத்தால் அவனுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, பேஜாராகவும் இருந்தது. பெட்டியைத் தொட்டால் மன்றம் போய்விடும். தொடாவிட்டால் அந்த மனுஷர் முகம் போய்விடும்.

யோசிக்க நேரம் கிடைக்கவில்லை. தென்னரசு எடுத்த படம் ஊரெல்லாம் சுற்றியிருந்தது. தட்டோடு கோகுல் நிற்க, கீழே ஒரு வரி: "திண்டிவனம் கோட்டை சரிந்தது." சாப்பிட்டு இலை எடுப்பதற்குள் வாசலில் இரண்டு பைக்குகள் வந்து நின்றன. ஆரோக்கியராஜும் மன்றத்தார் இருவரும் கிளியனூர் வழியாக ஒரே ஓட்டமாக வந்திருந்தார்கள்.

"மாப்ள சிநேகிதங்களா? வாங்க, வாங்க, குந்துங்க," என்று பெரியதம்பி ஆளுக்கு ஒரு தட்டு அதிரசம் கொடுக்கச் சொன்னார். பெட்டி அதற்குள் டிவிக்குக் கீழே ஏறியிருந்தது. மாட்டியவன் தென்னரசு, கோகுல் தூரத்திலிருந்து வாயாலேயே உதவி செய்துகொண்டிருந்தான்.

ஆரோக்கியராஜ் நல்லவர்தான். ஆனால் நாக்குக்கும் மூளைக்கும் நடுவே அவருக்குக் கதவு கிடையாது. அதிரசத்தை ஒரு பக்கக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு ஆரம்பித்தார். "ஐயா, தப்பா நெனைக்காதீங்க. அஞ்சு வேற, இது வேற. கம்பெனியே வேறங்க. மாப்ளைக்கு இது ஆவாது. உங்களுக்கு யாரோ தப்பா சொல்லிட்டாங்க."

பங்காளிகள் எல்லாம் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார்கள். "அப்ப ஏமாத்திட்டாங்களா பெரியதம்பி?" என்றார் காலையில் 'ஆமாமா' போட்ட அதே பங்காளி.

பெரியதம்பி தோள் துண்டை எடுத்தார், உதறினார், திரும்பத் தோளில் போட்டார். காலையிலிருந்து அவர் முகத்தில் இருந்த வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. பிறகு மருமகன் பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்க மாப்ள. நான் படிக்காதவன். அஞ்சு பெருசா, பத்து பெருசா?"

கூடத்தில் இருந்த அத்தனை கண்ணும் கோகுல் மேல். ஆரோக்கியராஜ் மெல்லுவதை நிறுத்தியிருந்தார். தென்னரசு போனைத் தூக்கிப் பிடித்திருந்தான். கதவோரம் வெண்ணிலா மூச்சுவிடாமல் நின்றாள். உறவு வேற, கொள்கை வேற என்று எவனோ ஒரு மடையன் ஒரு காலத்தில் சொல்லியிருந்தான்.

"இதுல இன்னா மாமா சந்தேகம்?" என்றான் கோகுல். "பத்துதான் பெருசு."

சொன்னவன் நேரே போய் டிவிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். அந்தப் பெட்டியை ஆட்டுவிக்கிற கன்ட்ரோலரை எடுத்தான், ஒரு கையால் இல்லை, இரண்டு கையாலும். கைக்கு அது கச்சிதமாகவும் இருந்தது, அதுதான் கொடுமை. ஆரோக்கியராஜ் எண்ணெய்க் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். "செயலாளரே, மன்னிச்சிக்க. சட்டம் நீ எழுதுனது" என்று சொல்லிவிட்டு, குழுவில் அவன் பெயர் மேல் ஒரு தட்டு தட்டினார். கோகுலின் மடியில் போன் அதிர்ந்தது.

"மாப்ள, உங்க போனு," என்றார் பெரியதம்பி.

"ஒண்ணுமில்ல மாமா. தீவாளி வாழ்த்து."

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்த கூத்தை எப்படிச் சொல்வது! தென்னரசு போட்ட முதல் கேமே டிராக்டர் ஓட்டி உழுகிறது. இன்னொரு கன்ட்ரோலரை மாமனார் கையில் திணித்தான் கோகுல். அவர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே நன்றாகப் பிடித்துக்கொண்டார்.

"இது எந்த ஊரு கொல்ல?"

"ஐரோப்பா மாமா."

"ஐரோப்பாவுல வரப்பே கெடையாதா? தகராறு வராது?"

டிராக்டர் கிளம்பியது. நேராகப் பக்கத்து ஆள் கோதுமைக்குள் புகுந்தது. பங்காளிகள் எல்லாம் எழுந்து நின்று கத்தினார்கள். "திருப்பு திருப்பு!" "கலப்பைய எறக்காமலே ஓட்டறாரு பாரு!" "ஜல்தியா பிரேக்கப் போடு பெரியதம்பி, சர்ச்சுக்குள்ள போவுது!" பெரியதம்பி கன்ட்ரோலரோடு சேர்ந்து உடம்பையும் வளைத்து ஓட்டியதில் பக்கத்தில் இருந்த மாமியார் மேல் சாய்ந்தார். வெள்ளையம்மாள் வெட்கத்தில் அடுப்படிக்கு ஓடினாள். கோகுல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உருண்டான். அவன் அப்படிச் சிரித்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. ஆரோக்கியராஜ் மட்டும் கொள்கைக்காக டிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். ஆனால் "வலப் பக்கம் ஒடிங்க ஐயா!" என்று நடுவில் ஒரு குரல் கேட்டது, அது அவர் குரல் மாதிரிதான் இருந்தது.

கிளம்பும்போது பெட்டியைக் கட்டிக் கொடுக்கப் போனார்கள். கோகுல் தடுத்தான். "இங்கியே இருக்கட்டும் மாமா. நீங்க பழகுங்க."

திண்டிவனம் திரும்பிய பிறகுதான் வலித்தது. காலையில் எழுந்ததும் கத்துகிற குழு கத்தவில்லை. போன் செத்துக் கிடந்தது. அழுகை வந்தது என்று சொன்னால் ஏசி மெக்கானிக்குக் கௌரவக் குறைச்சல், ஆனாலும் வந்தது. தென்னரசு "வருக வருக" என்று விழுப்புரத்துப் பச்சைக் குழுவில் சேர்த்துவிட்டான். சேர்த்த கையோடு கோகுல் வெளியே வந்தான். தோற்றவனுக்கும் ஒரு மானம் உண்டு இல்லையா? இப்படியாக அந்த மாவட்டத்திலேயே எந்த மன்றமும் இல்லாத ஒரே கேம்காரன் ஆனான்.

அந்த வாரம் ஒரு நாள் மயிலம் ரோட்டில் ஒரு வீட்டில் ஏணி மேல் நின்று ஏசியைப் பிரித்துக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. யாரோ புதுக் குழு ஒன்றில் அவனைச் சேர்த்திருந்தார்கள். குழுவின் பெயர் "பத்து". உள்ளே இருந்தது இரண்டே பேர். ஒன்று அவன். இன்னொன்று, காலை வணக்கப் பூப்படம் தவிர வேறெதுவும் அனுப்பத் தெரியாத பெரியதம்பி. கீழே ஒரு குரல் பதிவு.

"மாப்ள... கேக்குதா? வெண்ணிலாதான் போன்லயே இத போட சொல்லிக் குடுத்துச்சி. ஐரோப்பாவுல அந்தக் கோடிக் கொல்ல அப்பிடியே பாக்கி கெடக்குது. நான் ஒண்டியா ஓட்டுனா கோணக்கோணையா போவுது. நீங்க எப்ப வர்றீங்க? ஞாயித்துக்கெழம வந்துடுங்க. சாப்ட்டுட்டு ஆடலாம்... சாப்டீங்களா?"

கோகுல் அதை முழுசாகக் கேட்டான். திரும்ப ஒரு முறை போட்டுக் கேட்டான். ஏணி மேல் நின்றபடியே புறங்கையால் முகத்தைத் துடைத்தான். கீழே நின்றிருந்த வீட்டுக்கார அம்மா பதறிப்போய், "இன்னா தம்பி, கண்ணுல தூசி வுழுந்துடுச்சா?" என்று கேட்டார்.

"இல்லக்கா," என்றான் அவன். "எங்க மாமனாரு வெளையாடக் கூப்புடறாரு."